அவசரமில்லை கேப்டன்

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் கேப்டனின் துணைவியாரே, மகளே, மாப்பிள்ளையே, என் முதல் வணக்கம் உங்களுக்கு. மேடையைத்தான் முதலில் வணங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். விமானத்தின் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பியே காலம் தள்ளியவள் நான். யாரை முதலில் வணங்குவது என்பதில் எனக்குத் தடுமாற்றம் வராது. இன்று இழந்திருப்பவர்கள் நீங்கள், அதனால் நீங்கள்தான் முதலில்.

அடுத்ததாக, தலைமையேற்றிருக்கும் விமான இயக்கத் துறைத் தலைவர் அவர்களே, பயிற்சித் துறை அதிகாரி அவர்களே, விமானிகள் சங்கத் தலைவர் அவர்களே, பறந்து இறங்கிய கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் விமானிகளே, கேபின் பணியாளர்களே, பொறியாளர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் கேன்டீன்காரர்களே, வண்டி ஓட்டுநர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே சிலர் இருக்கலாம். நான் ஓய்வுபெற்ற தலைமைக் கேபின் பணியாளர். விமானக் கதவைப் பூட்டிய பிறகும் மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன் என்பதால் 'கதவு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. வீட்டிலும் அதையே செய்கிறேன் என்று என் கணவர் புலம்புகிறார்.

பேச அழைக்கும்போதே சுருக்கமாக முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த மைக்கை அணைக்கும் பொத்தான் மேடையில், துறைத் தலைவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நேரம் மீறினால் அணைத்துவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஆனால் நாம் இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோம்? எதையும் அவசரமாக முடித்தே பழகாத ஒரு மனிதருக்காக. அவருக்கான கூட்டத்தில் சற்று நேரம் மீறினால் குற்றமில்லை.

நான் இன்று வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போக வரவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேப்டனின் பெயரோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தாமதம்' என்ற சொல். விசாரணை அறிக்கையில் அச்சாகி, அவரைத் தரையில் இறக்கி, கடைசி வரை அவரைவிட்டுப் போகாத சொல். அதை எடுக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். எடுக்கக்கூடிய ஒரே மனிதர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார்.

நண்பர்களே, நம் கேப்டனுக்கு என்ன பெயர் வைத்திருந்தோம்? 'அவசரமில்லை கேப்டன்'. அவர் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். 'கேப்டன், வண்டி வந்துருச்சு.' 'அவசரமில்லை, வரேன்.' 'கேப்டன், டீ ஆறிப்போச்சு.' 'அவசரமில்லை, ஆறட்டும்.' கார் ஓட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். ஒருமுறை அவர் காரில் ஏறிய பாவத்துக்கு நான் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு எல்லாரும் கிளம்பும்போது போய்ச் சேர்ந்தேன். 'பத்திரமா வந்து சேந்தோமா இல்லையா?' என்று கேட்டார். 'சேந்தோம், சாப்பாடுதான் சேரல' என்றேன்.

ஆனால் விமானிகளே, உங்களுக்குத் தெரியும். இந்த மனிதர் ஒரு விஷயத்திலும் மெதுவானவர் இல்லை. மெதுவாகத் தெரிந்தார், அவ்வளவுதான். காற்று குறுக்கே அடிக்கிற நாளில், ஓடுபாதை நனைந்து மினுங்குகிற நாளில், அவர் விமானத்தைத் தரையில் வைக்கிற விதத்தை நான் பின்னால் உட்கார்ந்து உடம்பால் அறிந்திருக்கிறேன். சில பேர் இறக்கினால் தட்டில் இருக்கிற டம்ளர் நம் மடிக்கு வந்துவிடும். இவர் இறக்கினால் தூங்குகிற பயணியின் தூக்கம் கலையாது. ஒருமுறை புயல் மேகத்தைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் விலகிப் போனார். எங்களுக்கு முன்னால் கிளம்பிய விமானம் நேராகவே போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த விமானத்திலிருந்து இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அதைப் பார்த்தார். போய் அந்த விமானியின் தோளில் கை வைத்துவிட்டு வந்தார்.

அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. அவரோடு பறந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். கிளம்புவதற்கு முன்னால், பக்கத்து இருக்கையில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், எத்தனை வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும், இப்படிச் சொல்வார். 'மேல ஏதாவது ஆச்சுன்னா, முதல்ல ரெண்டு பேரும் பொத்தானுக்குப் போற கையை மடியில வைப்போம். யார் ஓட்டுறாங்களோ அவங்க மட்டும் ஓட்டட்டும். மத்தவங்க, எது கெட்டுப்போச்சுன்னு வாயால சொல்லணும். ஓட்டுறவங்களும் பாத்துட்டு ஆமான்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் எந்தப் பொத்தானையும் தொடணும்.'

பலர் இதைக் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் கைகட்டி உட்காரச் சொல்வதைப் போல இருக்கிறது என்றார்கள். கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. 'கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை போயிடும்பா. அதுதான் எனக்குப் பயம்' என்பார். எனக்கு இது புரிந்தது. கதவை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கிறவளுக்கு இது புரியாமல் போகுமா?

பயிற்சித் துறையோடும் அவருக்கு ஒரு தகராறு இருந்தது. தரையில் இருக்கிற பயிற்சி எந்திரத்தில் விமானிகளுக்குச் சோதனை வைக்கிறார்களே, அதில் என்ஜின் பழுதாவதைப் போலச் செய்யும்போது பெரும்பாலும் வலது என்ஜினைத்தான் நிறுத்துவார்களாம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. சோதனை வைக்கிறவரின் இருக்கையிலிருந்து அந்தப் பொத்தான்தான் எட்டுவதற்குச் சுலபம், அவ்வளவுதான். கேன்டீனில் ஒருநாள் எல்லார் எதிரிலும் கேப்டன் சொன்னார். 'எப்பப் பாத்தாலும் வலது பக்கத்தையே நிறுத்துறீங்க. பசங்க கைக்கு அதுவே பழகிடும். இடதையும் கொஞ்சம் நிறுத்துங்க.' அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலைப் பயணம். விமானம் நிறைய ஆட்கள். இடது இருக்கையில் நம் கேப்டன். வலது இருக்கையில் துணை விமானி. அந்தத் துணை விமானிதான் இன்று இந்த மேடையில் நடுநாயகமாக அமர்ந்து நமக்குத் தலைமை தாங்குகிறார். எனக்கு முன்னால் அவர் பேசியதைக் கேட்டீர்கள். 'அவர் கையைப் பிடித்துத்தான் நான் பறக்கக் கற்றேன்' என்றார். கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் பறவைக் கூட்டம் ஒன்று எங்கள் மேல் வந்து விழுந்தது. பெரிய சத்தம். அடுத்து விமானம் முழுக்க நடுக்கம். சாதாரண நடுக்கமா? பற்கள் அடித்துக்கொண்டன. தலைக்கு மேல் இருந்த பெட்டிக் கதவுகள் திறந்துகொண்டன. இடது ஜன்னலோரம் இருந்தவர்கள் நெருப்பு நெருப்பு என்று கத்தினார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று தன் பையை எடுக்கப் போனார். 'ஐயா, இறங்க இன்னும் ஸ்டாப் வரல, உக்காருங்க' என்று கத்தினேன். அந்த நேரத்திலும் யாரோ சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இடது ஜன்னலோரம் இருந்தவர்களுக்கு எது எரிகிறது என்று தெரிந்தது. முன்னால் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய ஜன்னலிலிருந்து என்ஜின் கண்ணில் படாது. முன்னால் இருக்கிற கருவிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவிகளும் அந்த நடுக்கத்தில் கண்ணுக்குப் பிடிபடாமல் ஆடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மணி வேறு காதைப் பிளக்கும். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும், அதைக் காலால் அழுத்தி நேராகப் பிடிக்க வேண்டும். கீழே ஊர். பயணிகளோடும் முழு எரிபொருளோடும் கனத்துப்போன விமானம். ஒரு என்ஜின் கெட்டுவிட்டால் இன்னொன்றை நம்பித்தான் எல்லா உயிரும். அந்த நேரத்தில் நல்ல என்ஜினை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நடுக்கம் அடங்கியது. என் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த போன் ஒலித்தது. கேப்டன். டீ கேட்கிற அதே குரல். 'அக்கா, ஒரு என்ஜினை நிறுத்திட்டோம். இன்னொன்னு நல்லா இருக்கு. திரும்பி வந்து இறங்கப் போறோம். அவசரமில்லை, எல்லாரையும் ஒழுங்கா உக்கார வைங்க.' அந்தக் குரலைக் கேட்ட பிறகு எழுந்து, வரிசை வரிசையாகப் போய் எல்லாரையும் உட்கார வைத்தேன்.

உடனே வெட்டித் திரும்பியிருந்தால் சீக்கிரம் இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரே என்ஜினோடு, அந்தக் கனத்தோடு, தாழ்வான உயரத்தில் சட்டென்று சாய்த்துத் திருப்பினால் விமானம் உயரத்தை இழக்கும். முதலில் நேராக ஏறினார். போதிய உயரம் கிடைத்த பிறகு அகலமாக ஒரு சுற்று சுற்றி, ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்து தரையில் வைத்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பை எடுக்கப் போன பெரியவர் இறங்கும்போது என்னிடம், 'ஏம்மா, இதெல்லாம் அடிக்கடி நடக்குமா?' என்று கேட்டார். 'உங்களுக்காக ஸ்பெஷலா' என்றேன்.

எல்லாரையும் இறக்கிய பிறகுதான் விமானிகளின் அறைக்குள் போனேன். கேப்டனின் வலது உள்ளங்கையில் ரத்தம். கண்ணாடித் துண்டு கீறிய காயம். முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து நான்தான் கட்டுப் போட்டேன். 'எங்க பட்டுச்சு கேப்டன்?' என்றேன். 'எங்கயோ பட்டுருச்சுக்கா' என்றார். பக்கத்தில் துணை விமானி தொப்பியைக் கழற்றி, அதற்குள் இடது கையை மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறும்போது பார்த்தேன், அவருடைய கைக்கடிகாரத்தின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஆட்டத்தில் இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பேன்?

ஊரே கொண்டாடியது. பூங்கொத்து, புகைப்படம், பேட்டி. நிர்வாகம் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது. எது வரைக்கும்? கழன்று விழுந்த என்ஜின் துண்டுகள் ஒரு கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கின்றன என்று தெரிகிற வரைக்கும். நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. ஆனால் கேள்வி வந்துவிட்டது. கெட்டுப்போன என்ஜினை ஏன் உடனே நிறுத்தவில்லை? நிறுத்தியிருந்தால் இத்தனை துண்டுகள் விழுந்திருக்குமா? கேள்வி வந்தவுடன் தூக்கி வைத்திருந்த தோள்களெல்லாம் இறங்கிவிட்டன. யாரையாவது கைகாட்ட வேண்டும், கண்ணெதிரே கேப்டன் இருந்தார்.

விசாரணை நடந்தது. விமானத்தில் பதிவான பேச்சை அறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள், உங்களில் பலர் படித்திருப்பீர்கள். சத்தம் கேட்கிறது. துணை விமானி 'என்ஜின் போச்சு' என்கிறார். பிறகு ஒரு மௌனம். பிறகு கேப்டனின் குரல். 'அவசரமில்லை. கையை மடியில வை. எதுன்னு சொல்லு, கேக்குறேன்.' மறுபடி மௌனம். 'இடது.' 'மறுபடி பாத்துச் சொல்லு.' 'இடதுதான்.' 'சரி. நிறுத்து.'

இதைப் படித்த விசாரணைக் குழுவுக்கு என்ன தோன்றியது? நெருப்பு எரியும்போது இந்த ஆள் கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. கையை மடியில் வை என்பது அவர் எப்போதும் சொல்கிற வழக்கமான பேச்சு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த நேரத்தில் ஒரு கை மடியில் இல்லாமல் வேறெங்கோ இருந்ததா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்று கேப்டனைக் கேட்டார்கள். 'அந்த நேரம் எங்களுக்குத் தேவைப்பட்டுச்சு' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. துணை விமானியைக் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலும் அச்சாகியிருக்கிறது. 'கேப்டனின் உத்தரவுக்காகக் காத்திருந்தேன்.'

காத்திருந்தாராம்.

அறிக்கை வந்தது. 'தேவையற்ற தாமதம்' என்று எழுதினார்கள். கேப்டனைப் பறக்கவிடவில்லை. அவருடைய பழக்கத்தைப் பயிற்சியிலிருந்தும் எடுத்தார்கள். இனிமேல் கை மடியில் கிடையாது, உடனடிச் செயல்தான் என்று சுற்றறிக்கை வந்தது. இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கழற்றிப் போட்ட பழைய இருக்கைகளை அடுக்கி வைத்திருக்கிற அறையில், அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். ஜன்னல் கிடையாது. வானத்தில் வாழ்ந்த மனிதருக்கு ஜன்னலில்லாத அறை. என்ன வேலை? யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனாலும் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைத் துடைத்து, சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

நான் பறந்துவிட்டு வரும்போதெல்லாம் இரண்டு டீ வாங்கிக்கொண்டு அங்கே போவேன். வெளியே நடையில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பார். 'யாராவது வரணுமா கேப்டன்?' என்று ஒருநாள் கேட்டேன். 'வருவான்' என்றார். 'யாரு?' என்றேன். 'அவசரமில்லைக்கா. டீயைக் குடிங்க' என்றார். மறுபடி பறக்க உத்தரவு கொண்டுவருகிற யாரையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தக் காலடிச் சத்தங்கள் எல்லாம் வேறு அறைகளுக்குப் போயின. அவர் ஓய்வு பெற்றார். உடம்பு படுத்தது. படுக்கையில் விழுந்த பிறகும் வாசல் மணி அடித்தால் கண்ணைத் திறந்து பார்ப்பாராம். போய்விட்டார்.

முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய நாற்காலி அப்படியே வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. கேப்டனின் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். 'அன்னிக்கு அவர் கையில நீங்கதானே அக்கா கட்டுப் போட்டீங்க?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'அது எப்படிப் பட்டுச்சுன்னு தெரியுமா?' என்றார். தெரியாது என்றேன். கேப்டன் தன்னிடம் மட்டும் சொல்லியிருந்ததை அப்போதுதான் சொன்னார்.

சத்தம் கேட்ட உடனே துணை விமானியின் கை நடுவில் இருக்கிற பொத்தானுக்குப் போயிருக்கிறது. வலது என்ஜினின் பொத்தானுக்கு. நல்ல என்ஜினுக்கு. பயிற்சி எந்திரத்தில் பழகிப் பழகி, கண் பார்ப்பதற்கு முன்னால் கை போயிருக்கிறது. கேப்டன் ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். பயந்துபோன கை அவ்வளவு எளிதில் விட்டுவிடுமா? கடிகாரக் கண்ணாடி நொறுங்கி உள்ளங்கையைக் கிழிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறார். அறிக்கையில் மௌனம் என்று போட்டிருக்கிற இடத்தில் நடந்தது இதுதான் நண்பர்களே. அவர் கதை பேசிக்கொண்டிருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் சாகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த பிறகும் திட்டவில்லை. அதே குரலில், கையை மடியில வை, எதுன்னு சொல்லு, கேக்குறேன் என்றார். பயந்தவரைத் தெளிய வைத்து, அவர் வாயாலேயே 'இடது' என்று சொல்ல வைத்து, அவரையே நிறுத்தவும் வைத்தார்.

தலைவர் அவர்களே, உங்கள் கையை அவர் பிடித்தது உண்மை. இன்று நீங்கள் பேசியதில் அந்த ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று அந்தத் தங்கச்சி அவரைக் கேட்டிருக்கிறார். சண்டையே போட்டிருக்கிறார். கேப்டன் சொன்ன பதில் இது. 'கை போனது அவன் தப்பில்லை. நாமதான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கோம். நான் சொன்னா அவனைப் பிடிச்சுக் கொடுத்ததா ஆயிடும். அவனே சொன்னா எல்லாரும் கத்துக்குவாங்க. அவன் நல்லவன்தான், வந்து சொல்லுவான். அவசரமில்லை.'

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கேப்டன், மேடையில் மாலை போட்ட இந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களிடமும் எனக்குக் கோபம்தான். உங்கள் கையில் கட்டுப் போட்டவளிடம் எங்கயோ பட்டுருச்சு என்றீர்களே. அத்தனை டீ குடித்தோமே, ஒரு நாள் வாய் திறந்தீர்களா? நாங்கள் உங்களுக்காக நிர்வாகத்தின் படியெல்லாம் ஏறி இறங்கினோம். எங்களிடம் உண்மையைத் தவிர எல்லாம் இருந்தது. எங்களை நீங்கள் நம்பவில்லை. நம்பக்கூடாத ஒருவரைத்தான் கடைசி வரை நம்பினீர்கள்.

அந்த நம்பிக்கைக்கு என்ன கிடைத்தது? நீங்கள் கீழ்த்தளத்தில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேப்டன் ஆனார். பிறகு பயிற்சி விமானி ஆனார். இப்போது துறைத் தலைவர். இந்தக் கட்டடத்துக்குத்தான் தினமும் வந்தார். அவருடைய அறைக்குப் போகிற மாடிப்படி உங்கள் அறைக் கதவைத் தாண்டித்தான் போகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? பயத்தில் கை போனதை யாரும் மன்னிப்பார்கள். கேப்டன் அந்த நொடியிலேயே மன்னித்துவிட்டார். தெளிந்த மனதோடு, நாற்காலியில் உட்கார்ந்து, 'காத்திருந்தேன்' என்று சொன்னதை எப்படி மன்னிப்பது? உங்கள் உயிரைக் காப்பாற்றிய கையைக் காட்டிக் கொடுத்தீர்களே. இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். 'சொல்ல வேண்டாம்னு எங்கிட்ட வார்த்தை வாங்கியிருந்தாரு. அவரு இருந்த வரைக்கும் காப்பாத்தினேன். இப்ப அவரே இல்ல, நீங்க சொல்லுங்க அக்கா' என்றார். இதோ, முதல் வரிசையில் இருக்கிறார். தலை குனியவில்லை, பாருங்கள்.

இந்த அரங்கத்துக்குக் கேப்டனின் பெயரை வைக்கப் போவதாகத் தலைவர் அறிவித்தார். குடும்பத்துக்கு அது வேண்டாம். பெயர்ப் பலகை வைத்துவிட்டு அடியில் 'தாமதம்' என்றும் சேர்த்து எழுதுவீர்களா? அவர்கள் கேட்பது வேறு. அந்த மௌனத்தில் நடந்ததை, அங்கே இருந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும். விசாரணையை மறுபடி திறந்து, அந்தச் சொல்லை நீக்க வேண்டும். பதிவுக் கருவியில் கை தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு காயத்தையும் ஒரு உடைந்த கடிகாரத்தையும் பார்த்த கண் மட்டும்தான். அது போதாது என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் படத்தில் இருக்கிறார்.

விமானிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சுற்றறிக்கை எப்போது மாறுமோ, தெரியாது. அதுவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலை பறக்கப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் கேப்டன் சொன்னதைச் சொல்லுங்கள். பயிற்சி கொடுக்கிறவர்கள், நாளையிலிருந்து இடது என்ஜினையும் நிறுத்திப் பழக்குங்கள். கை தவறான இடத்துக்குப் போனவர் எழுந்து வந்து, 'ஆமாம், போனது' என்று சொன்னால், அவரைக் கேலி செய்யாமல் கேளுங்கள். கேபின் பிள்ளைகளே, உங்கள் பங்குக்கு நீங்கள் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள். கேப்டனின் வேலை நின்றுபோகாமல் இருக்க நம்மால் ஆனது இது. இதற்கு நான் பொறுப்பு என்று அவர் படத்தின் முன்னால் சொல்கிறேன். நீங்களும் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக எழுந்து நின்று மௌனம் என்று போட்டிருக்கிறது. எழுந்திருக்க வேண்டாம். அப்படியே உட்கார்ந்திருங்கள். எல்லாரும் இரண்டு கையையும் மடியில் வையுங்கள். நிற்கிறவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டால் போதும். அவர் சொல்லிக்கொடுத்த மௌனம் இதுதான்.

நன்றி. எல்லார் கையும் மடியில் இருப்பது இங்கிருந்து தெரிகிறது. தங்கச்சியின் கையும், மகளின் கையும்கூட.

தலைவர் அவர்களே, உங்கள் கை மட்டும் மைக்கின் பொத்தான்மேல் இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. முன்வரிசைக்கும் தெரிகிறது. இந்தத் தடவை அதைப் பிடித்து நிறுத்த அவர் இல்லை.

அவசரமில்லை. கையை மடியில் வையுங்கள். அன்று கை எங்கே போனது என்று சொல்லுங்கள், கேட்கிறோம்.